இரண்டு ராத்திரி

படிவம் பதினான்கு பக்கம்.
பதினோராவதில் ஒரு கேள்வி:
நீங்கள் கடைசியாக ஓய்வெடுத்தது எப்போது?
டாக்னி பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டாள்.
ஏரி உறைந்த மாதம் என்று எழுதினேன்.
எந்த வருடத்து ஏரி என்று எழுதவில்லை.

கிம்லியில் ஆள் இல்லை என்றார்கள்.
செல்கர்க்கில் ஒரு வீடு உண்டு, ஏழு படி ஏற வேண்டும்.
வின்னிபெக்கில் கட்டில் காலி,
வயிற்றுக் குழாயில் ஊட்டத் தெரிந்தவர் விடுப்பில்.
ஒரு பெண் சம்மதித்து வந்தாள்.
ஸ்வாவாவுக்கு வலிப்பு ஒருமுறை வெட்டி இழுத்ததும்
கோட்டை மாட்டாமல், கையில் சுருட்டிக்கொண்டு
காருக்கு ஓடினாள்.
அவளைக் குறை சொல்ல மாட்டேன்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

அலுவலகத்தை அழைத்துக் காத்திருந்தால்
ஒரு பியானோ வாசிக்கும்,
திரும்பத் திரும்ப ஒரே துண்டு.
ஸ்வாவாவுக்கு அது பிடித்துப்போயிற்று.
ஸ்பீக்கரில் போட்டால் தோள் குலுங்கச் சிரிப்பாள்.
மறுமுனையில் யாராவது எடுத்துவிட்டால்
முகம் சுருங்கிவிடும்.
காத்திருந்ததில் லாபம் கண்டவள்
எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

இருபத்திரண்டு மாதம் கழித்து
மரிவிக் வந்தாள்.
வாசலில் பூட்ஸைக் கழற்றினாள்.
எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.
நேரே போய் நாற்காலி முன் குந்தி
ஸ்வாவாவிடம் தன் பெயரைச் சொல்லிவிட்டு
சும்மா இருந்தாள்.
பதில் வர நான்கு நிமிடம் ஆகும்,
இடது இமை ஒருமுறை.
அதை நான் சொல்லித்தரவே இல்லை.

டாக்னி ஒன்பது தாள் எழுதி
குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள்.
எந்த மருந்து எத்தனை மணிக்கு,
எந்தப் பக்கம் எவ்வளவு நேரம்,
கம்பளி விளிம்பு தாடையில் படக் கூடாது.
ஒன்பதாவது தாளில்
'அவளுக்குப் பயம் வந்தால்' என்று தலைப்பு மட்டும்.
கீழே வெறுமை.

ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு மோட்டல்.
வறுத்த பிக்கரல் மீனைச்
சூடு ஆறுவதற்குள் தின்றுவிட்டோம்.
பிறகு பேச ஒன்றும் அகப்படவில்லை.
இத்தனை வருடம் மில்லிலிட்டரிலேயே பேசிவிட்டோம்.
"ஒரெஸ்ட், உன் காதுமுடி எப்போது நரைத்தது?" என்றாள்.
எனக்கும் அது செய்திதான்.

ராத்திரி இரண்டு நாற்பது.
டாக்னி எழுந்தாள், கண் திறக்காமலே.
என் தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை.
"ஒன்று, இரண்டு, போகலாமா கண்ணு" என்று முணுமுணுத்து
என்னைச் சுவர்ப்பக்கம் புரட்டினாள்.
நான் தொண்ணூறு கிலோ.
முழங்கால்களுக்கு நடுவே தலையணை செருகினாள்.
கம்பளியைத் தாடையிலிருந்து விலக்கினாள்.
எழுப்ப வாய் வரவில்லை.
பதினேழு வருடமாக என் மகள் கிடப்பதுபோல்
முழு எடையையும் இன்னொருவர் கையில் விட்டுவிட்டு
அப்படியே கிடந்தேன்.
விடியும்வரை தூங்கவில்லை.
அந்தக் கேள்விக்கு இனித் தேதி போட்டு எழுதலாம்.

திரும்பி வந்தபோது
ஸ்வாவா எங்களைப் பார்க்கவில்லை.
பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த மரிவிக்கையே பார்த்திருந்தாள்.
டாக்னிக்கு அது குத்தியது,
பையைப் பிரிக்காமல் நின்றாள்.

"முதல் நாள் சாயங்காலம் பயந்துவிட்டாள்" என்றாள் மரிவிக்.
"நான் சம்பள பாக்கி கேட்க அலுவலகத்தை அழைத்தேன், ஸ்பீக்கரில்.
ஒரு மணி நேரம் யாரும் எடுக்கவில்லை.
நல்லவேளை."

அவள் போனபின் ஒன்பதாவது தாளைப் பார்த்தேன்.
டாக்னி விட்ட வெறுமையில்
சாய்ந்த எழுத்தில் அந்த எண்.

இன்று அதே எண்ணில் நிற்கிறேன்,
மார்ச்சில் இரண்டு ராத்திரி கிடைக்குமா என்று கேட்க.
வரிசையில் பதினேழாவது.
ஸ்வாவா சிரிக்கிறாள்.
டாக்னி பேனாவைத் தேடுகிறாள்.